புளி போட்டுத் தேய்த்த போர்க்கப்பல்

ஒரு போர்க்கப்பலைப் புளி போட்டுத் தேய்த்தவன் நான். இதை வெளியே சொல்ல எனக்குப் பதினான்கு வருடம் பிடித்திருக்கிறது. கப்பல் கைநீளம்தான் இருக்கும் என்பது குற்றத்தைக் குறைக்காது.

போன வெள்ளிக்கிழமை ஓல்டன் நகரத்தில், எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மனைவி குத்துவிளக்கைப் புளியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரப் பித்தளையும் புளியும் சேர்ந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் சூக் நகரத்துக்குப் போய்விட்டேன், ரயில் டிக்கெட் இல்லாமல்.

ஊரில் போர் முடிந்த மறுவருடம் அது. புதன்கிழமைகளில் சூக்கில் ஹூபர் என்ற கிழவரின் வீட்டைத் துப்புரவு செய்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் காத்திருந்தாள். அவளைக் கூப்பிட, நான் ஒழுங்கான வேலைக்காரன் என்று ஹூபர் ஒரு கடிதம் தரவேண்டும். தருவதாகத்தான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் பொறுமை இல்லை.

அவருடைய வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பழைய நீராவிக் கப்பலின் மாதிரி. இரு பக்கமும் பித்தளைத் துடுப்புச் சக்கரங்கள், நடுவில் புகைபோக்கி. அவருடைய பாட்டனாரின் தகப்பன் வெளிநாட்டுக்குப் போய் அந்தக் கப்பலில் எஞ்சினியராக இருந்தாராம். மாவும் கம்பளியும் ஏற்றிய சாதுவான கப்பல். அங்கே போர் வந்ததும் அந்த நாட்டுக் கடற்படை அதைப் பிடித்து, இரண்டு பீரங்கிகளைப் பூட்டி அனுப்பிவிட்டது. கரைக்கு வந்தபிறகு மனிதர் தன் கையாலேயே இந்த மாதிரியைச் செய்தாராம், பீரங்கி உட்பட. கடல் இல்லாத நாட்டில் கப்பலுக்குத் தூசி தட்ட, கடல் உள்ள ஊரிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான் பாருங்கள்.

என் தகப்பன், எங்கள் ஐயா, அவரிடமும் ஒரு வள்ளம் இருந்தது. தீவுக்கும் கரைக்குமாகக் கருவாடும் தேங்காயும் ஏற்றும். ஒருநாள் சண்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். யார் என்று கேட்காதீர்கள். "ரெண்டு நாளில தந்திடுவம், ஐயா" என்றார்கள். அவர் சாகும்வரை காலையில் தேத்தண்ணீர் குடித்ததும் கரைப்பக்கம் ஒருதரம் போய்வருவார். நடைக்கு என்பார்.

ஹூபர் ஒரு வாரம் நொஷாட்டலில் தங்கை வீட்டுக்குப் போனார். அந்தப் புதன்கிழமை நான் பெட்டியைத் திறந்தேன். பித்தளை கறுத்துக் கிடந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது. ஹூபர் வந்து பார்த்து அசந்துபோய், நின்ற நிலையிலேயே கடிதம் எழுதுவார் என்பது என் கணக்கு. பின்னேரம் கப்பல் கோயில் கலசம்போல மின்னியது. பெருமை தாங்காமல், வேலை எடுத்துத் தந்த சிவா அண்ணைக்குப் போன் போட்டேன்.

"கப்பலுக்குப் புளியோ? உனக்கென்ன விசரோடா? அந்தக் கறுப்புக்குத்தானடா அவங்கள் காசு குடுக்கிறவங்கள்!"

அடுத்த புதன்கிழமை ஹூபர் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"அது அழுக்கில்லை. வயது," என்றார் கடைசியில்.

என் ஜேர்மன் குளியலறையைத் தாண்டாத ஜேர்மன். மன்னிப்புக் கேட்கப் போய், வாயில் வேறு ஏதோ வந்தது. "என் அப்பா. வள்ளம். சண்டைக்கு எடுத்தது. திரும்பி வரவில்லை."

அவர் திரும்பிப் பார்த்தார். "முன்பு என்ன ஏற்றியது?"

கருவாட்டுக்கு ஜேர்மனில் எனக்குச் சொல் தெரியாது. கைகளைப் பக்கத்தில் ஒட்டி, வாயைப் பிளந்து, வெயிலில் காயும் மீனாக நின்று காட்டினேன். கிழவர் சிரித்துவிட்டார். பிறகு மேசை லாச்சியிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, இரண்டு பீரங்கிகளையும் கழற்றி லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"இனி இது சரக்குக் கப்பல்."

ஐயாவுக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது. ஐயா அப்போது இல்லை.

கடிதத்தை அன்றே எழுதினார். மனைவி வந்தாள். ஹூபர் முதியோர் இல்லத்துக்குப் போனார், பிறகு அங்கிருந்தும் போனார். வீடு இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். கப்பல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சூக் போனால் ஏரிக்கரைவரை ஒருதரம் போய்வருவேன், நடைக்கு.

இதெல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை குசினி வாசலில் நின்று மனைவிக்குச் சொன்னேன். விளக்கைத் துடைத்தபடி முழுக்கக் கேட்டாள்.

"இவ்வளவு வடிவாத் தேய்க்கத் தெரிஞ்ச மனுசன், நான் வந்த நாளிலயிருந்து இந்த விளக்கை ஏனப்பா தொடேல்ல?"