இரண்டு தட்டு பேடா

எனக்குப் பிறந்த வீடு திருத்தணிப் பக்கம். எல்லை தாண்டி ஆந்திராவில் புத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் தெலுங்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிடுவேன். தெரியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது.

வீட்டுக்குப் பின்னால் சாண எரிவாயுக் குழி கட்டி, எங்கள் மாடுகளின் சாணியைக் கரைத்து ஊற்றி, வாயு சேரச் சில வாரம் விட்டிருந்தார்கள். ஒருநாள் வந்து பார்த்த மேஸ்திரி கிளம்பும்போது, “ரேப்பு பொய்யி வெலிகிஸ்தாம். ரெண்டு தட்டல பேட காவாலி” என்றார். நாளைக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள், பூசைக்கு இரண்டு தட்டு பேடா வேண்டும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பஸ் ஏறிப் புத்தூர் போய்ப் பால் பேடா வாங்கிவந்து, இரண்டு தட்டில் அடுக்கி, மேலே ரோஜாப்பூவும் வைத்தேன்.

மறுநாள் மேஸ்திரி தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். தெலுங்கில் ‘பேட’ என்றால் சாணியாம், ‘தட்ட’ என்றால் கூடையாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்களைப்போலத் தமிழ் பேசும் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, “இன்னாக்கா, இந்தச் சாணி ஏலக்கா வாசனையா கீதே?” என்றாள். அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். ஊரே ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது.

நீல நெருப்பு வந்தபின் கண் எரிச்சல் இல்லை, பாத்திரத்தில் கரி இல்லை. விறகுக்காக மலையடிவாரம் போய் முள்ளில் கிழிபடுவதும் நின்றது. பக்கத்து வீட்டில் மாடு கிடையாது. அவள் ரோட்டில் கிடக்கும் சாணியை அள்ளிவந்து குழியில் போடுவாள், தன் குழம்பையும் என் அடுப்பிலேயே கொதிக்கவைப்பாள். குழியிலிருந்து வழியும் கரைசல் இரண்டு வீட்டுக் கத்தரிச் செடிகளுக்கும் போகும்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குச் சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், “மாட்ட வித்துட்டு நீயும் வந்துடு. அங்க சிலிண்டர் கீது” என்றார். அடுத்த ஞாயிறு மாட்டுத் தரகரை வரச்சொல்லிவிட்டாராம்.

மாடு போனால் என் அடுப்பும் போகும், பக்கத்து வீட்டு அடுப்பும் போகும்.

“நீங்க வாரா வாரம் வந்துக்கினு போங்க. நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார். அந்த வாரம் முழுக்க மாடுகளிடம்கூட எரிந்து விழுந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் மட்டும் வந்தார், கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு.

“தரகர் எங்க?”

“வரவேணான்ட்டேன்.”

நேராக அடுப்படிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பால் பேடா.

“ரெண்டு தட்டுக்கு வரும். உன் அடுப்புக்குப் போடு” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினேன்: “அடியே, சாணி வந்துகீது, சீக்கிரம் ஓடியா!”