இறால் கூடையும் துரையின் நாலாவது குழியும்

இன்று காலை நானும் என் ஓரகத்தியும் பழவேற்காடு கோட்டைக்கு இறால் கொடுக்கப் போனோம். வாங்க வேண்டிய சமையல்காரர், மட்டைகளைச் சுமந்துகொண்டு ஒல்லாந்துத் துரையின் பின்னால் நிற்கிறார்.

பந்தை அடித்து அடித்து நான்கு குழிகளில் போட வேண்டுமாம். ஆட்டம் முடியும்வரை மட்டை சுமப்பவர் நகரக்கூடாதாம்.

கடைசிக் குழி ஓடைக்கு அக்கரையில். துரை குழியைப் பார்த்தே அடித்தார். மூன்று முறையும் கடல்காற்று பந்தைத் தள்ளித் தண்ணீரில் போட்டது.

வெயிலில் இறால் நிறம் மாறத் தொடங்கியது. என் ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஏரியத் தாண்டறப்ப காத்து வர்ற பக்கமாத்தான படகத் திருப்பிப் புடிக்கிறோம்? காத்தே தள்ளிக்கினு வந்து கரையில சேத்துடும். காத்து வர்ற பக்கமா நிக்குதே, அந்தப் பனையப் பாத்து அடிக்க சொல்லுண்ணே."

சமையல்காரர் துரையின் மொழியில் சொன்னார். துரை பனையைப் பார்த்து அடித்தார். பந்து வளைந்துபோய்க் குழியருகே விழுந்தது. அடுத்த தட்டில் உள்ளே.

ஆட்டம் முடிந்ததென்று நாங்கள் கூடையைத் தூக்கினோம். துரை சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"இன்னாவாம்?"

"ஆட்டம் இப்பதான் புரிஞ்சுதாம். மொதல் குழியிலேர்ந்து திரும்ப ஆடப்போறாராம்."

இறாலைக் கருவாட்டுக்குக் காயப்போட்டுவிட்டோம்.

இக்கரையில் இத்தனை மணல் இருக்க, குழியை அக்கரையில் ஏன் வெட்டினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் ஓரகத்தியிடம் மட்டும் வேண்டாம், அதற்கும் யோசனை வைத்திருப்பாள்.