பின்பக்கம் ஒரு கதவு

அரியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியபோது, அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டு ஓடுவார்கள். நானும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் பார்த்துக்கொள்வோம்.

விஷயம் தெரிந்து விண்ணப்பித்ததும் ஓர் அதிகாரி ஸ்கூட்டியில் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். தண்ணீர்த் தொட்டி, பிளக் பாயின்ட், மருந்து டப்பா எல்லாம் பார்த்துவிட்டு, "வெளிய போவ ஒரே வழிதானா?" என்றார்.

"வூட்டுக்கு எத்தினி வழி மேடம் இருக்கும்?"

"வாசல ஒட்டிதான் உங்க சமையல்கட்டு இருக்கு. அங்க தீப்புடிச்சா புள்ளைங்க எந்தப் பக்கம் போவும்?"

எனக்குக் கோபம் வந்தது. "இன்னா, செவுத்த இடிக்கச் சொல்றாங்களா?" என்று என் வீட்டுக்காரரும் முணுமுணுத்தார். ஆனாலும் இடித்தார். பின்பக்கம், கரும்புக் கொல்லையைப் பார்த்து ஒரு கதவு வைத்தோம். பழைய புடவை ஒன்றைப் பிடித்தபடி வரிசையாக அந்த வழியே போகப் பிள்ளைகளைப் பழக்கச் சொன்னார் அதிகாரி. பழக்கினோம். அவர்களோ பாதியில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள்.

அடுத்த முறை அவர் சொல்லாமல் வந்தார். மதியச் சோறு முடிந்து பிள்ளைகள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சமையல்கட்டுல தீன்னு வெச்சுக்குங்க. எல்லாரையும் வெளிய கொண்டாங்க."

பக்கத்துத் தெருப் பெண் கைக்குழந்தைகளை வாரிக்கொண்டாள். நான் புடவையை உதறி, "எழுந்திருங்க கண்ணுங்களா" என்றேன்.

எழுந்தார்கள். சேர்ந்த நாளிலிருந்து அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டே இருந்த மூன்று வயதுப் பெண், பக்கத்தில் கிடந்தவனை உலுக்கி, "ஏந்திரிடா, போவணும்" என்றாள். ஒருவரும் அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. பாதித் தூக்கத்தில், அந்தச் சின்னக் கைகள் துணியை இறுக்கிப் பிடிக்க, என் பின்னால் வெயிலுக்கு வந்துவிட்டார்கள்.

தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. உள்ளே ஓடத் திரும்பினேன்.

"இங்க இருக்கான்" என்றார் அதிகாரி. அவருடைய துப்பட்டா முனையை ஒரு பொடியன் பிடித்துக்கொண்டு நின்றான். அதையே புடவை என்று நினைத்துக் கூடவே நடந்து வந்திருக்கிறான். அவர் அவனைத் தூக்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

கொல்லையோரம் நின்று அந்த முகங்களைப் பார்த்தேன். எங்கே கூப்பிட்டாலும் வந்துவிடும் உயிர்கள் இவை. இத்தனை நாளும் சோறூட்டித் தூங்கவைப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

அனுமதி கிடைத்தது. அந்த வாரமே என் வீட்டுக்காரர் பின்வாசல் படியை, ஒருவரும் கேட்காமலே, பிள்ளைகள் தடுக்கி விழாதபடி சரிவாகப் பூசிக் கொடுத்தார்.