பூமியைக் கடித்துக் கேட்டவர்

ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிகிறது. தபால் அலுவலகத்தில் எரிகிறது. மெத்தடிஸ்ட் கோவில் வாசலில்கூட ஒன்று, பூச்சிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு எரிகிறது. அங்கிருந்து கம்பங்கள் எல்லாம் தெற்கே திரும்பிப் போய்விடுகின்றன. வடக்கே, கடலைப் பார்த்து இறங்கும் எங்கள் ஸ்வெஸி சந்துக்கு ஒன்றுகூட வரவில்லை.

கிளாஸ்கோவிலும் வால்பரைசோவிலும் பணக்காரக் கிழவிகளுக்குத் துணையாகப் பெட்டி தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, போன குளிர்காலம் லாங் ஐலண்டுக்குத் திரும்பினேன். அப்பா மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்த்தார்.

"வந்துட்டியா? ஊர் ஊரா சுத்தினியே, கொஞ்சம் வெளிச்சம் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"இங்க இன்னும் கம்பம் வரலையாப்பா?"

"எதுக்குக் கம்பம்? நமக்குத்தான் பூமிக்குள்ளேயிருந்து வருதே. அசெல் மாமாவைக் கேளு, எந்தத் தேதின்னு சொல்லுவாரு."

பத்துப் பதினைந்து வருடமாகச் சொல்லித் தேய்ந்துபோன கேலி அது. அப்பாவுக்கே அதில் சுவை போயிருந்தது.

அசெல் டூக்கர் கிணறு வெட்டுபவர். எங்கள் கரையில் மேலே மணல், கீழேயும் மணல், நடுவில் எங்கேயோ தண்ணீர். கிணறு வெட்டுகிறவன் கொஞ்சம் அசந்தால் மணல் அவனை விழுங்கிவிடும். இங்கே வெட்டுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, மேல் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, காது இரண்டையும் பொத்திக்கொள்வார்கள். அடியில் தண்ணீர் ஓடினால் தாடையில் ஒரு முனகல் தெரியுமாம். அசெல் மாமாவின் முன்பல் இரண்டும் அதிலேயே தேய்ந்து சரிந்திருந்தன.

நான் சிறுமியாக இருந்தபோது ஹார்ட்விக் என்பவர் பால்டிமோரிலிருந்து வந்து, சந்துக்கு மேற்கே உருளைக்கிழங்கு வயலை வாங்கி, மரத்தால் ஒரு கோபுரம் எழுப்பினார். உச்சியில் காளான் குடை போல ஓர் இரும்புத் தொப்பி. கம்பியே இல்லாமல், பூமியையே கம்பியாக்கி, மின்சாரத்தை உலகம் பூராவும் அனுப்பப் போவதாகச் சொன்னார். அதற்குக் கோபுரத்தின் கீழே ஆழமாக ஒரு கிணறு வேண்டும், அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் இரும்புக் குழாய்கள் அடிக்க வேண்டும். அந்தக் கிணற்றை வெட்டியவர் அசெல் மாமா.

"எல்லாரும் மேல பாக்குறாங்க, டூக்கர். விஷயம் கீழ இருக்கு. என் இயந்திரம் பூமியை இறுக்கிப் பிடிக்கணும். அந்தப் பிடி நீங்க போட்டது" என்று ஹார்ட்விக் அவர் தோளில் தட்டியிருக்கிறார். அதுவரை அசெல் மாமாவை யாரும் எதற்கும் தோளில் தட்டியதில்லை. யார் வீட்டில் வேண்டுமானாலும் ஓர் இரும்புக் குழாயைத் தண்ணீர் மட்டம்வரை இறக்கினால் போதும், மின்சாரம் தானாக ஏறிவரும் என்றும் ஹார்ட்விக் சொல்லியிருந்தார். மறுநாளே அசெல் மாமா தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு குழாயை இறக்கிவிட்டார். வேலை முடிந்து வந்ததும், பசியோடு இருந்தாலும், முதலில் அதன் முனையைக் கடித்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

உள்ளே அவர் மனைவி லவீனா அத்தை சோளக் கஞ்சியோடு காத்திருப்பாள். அவள் அவரை அசெல் என்று கூப்பிடுவதில்லை, குடும்பப் பெயர்தான். சாதாரணமாக 'டூக்கர்'. கோபமென்றால் 'மிஸ்டர் டூக்கர்'.

"பூமி என்ன சொல்லுது, மிஸ்டர் டூக்கர்? கஞ்சி ஆறிப்போச்சுன்னு சொல்லலையா?"

லவீனா அத்தைக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. சந்திலேயே அவளுக்குத்தான் மிகவும் வேண்டியிருந்தது. அவள் வாத்து வளர்ப்பவள். வேலியோரம் ஒரு கொட்டகை, அதில் முட்டை பொரிக்கும் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. திரி ஏறினால் முட்டை வெந்துவிடும், இறங்கினால் குஞ்சு உள்ளேயே செத்துவிடும், புகைந்தால் மொத்தமும் போச்சு. பனிக்காலக் கடைசியிலிருந்து கோடை வரைக்கும் அவள் படுக்கை அந்தக் கொட்டகையில்தான். அவள் கிட்டே வந்தாலே விளக்கு வாசனை அடிக்கும். கோவிலில் அவள் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும்.

ஒரு ஜனவரியில், கடுங்குளிர், காற்றில் ஈரமே இல்லை. கோபுரத்தில் அன்று ஏதோ சோதனை. பகலெல்லாம் கொதிகலன் புகைந்தது. அந்தி சாயும் நேரம் அசெல் மாமா கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக வீட்டிலிருந்து கிளம்பிப் பின்கட்டுக்கு வந்து, குழாய் முனையில் வாயை வைக்கக் குனிந்தார். சுரீர் என்று உதட்டில் ஒரு பொறி தாவியது.

அவர் கத்திய கத்தலில் நாங்கள் எல்லோரும் ஓடினோம். உதட்டைப் பொத்திக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தார்.

"முத்தம் கொடுத்துச்சு லவீனா! பூமி எனக்கு முத்தம் கொடுத்துச்சு!"

"அதுவாவது கொடுத்துச்சே" என்றாள் லவீனா அத்தை. ஆனால் அவளும் சிரித்தாள். அவர் உதட்டைத் தன் ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டாள். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் கம்பம் நடும் கம்பெனியின் ஆள் வந்தார். மேல்கோட்டு போட்ட, அவசரக்காரரான இளைஞர். சந்தில் அப்போது எட்டு வீடுகள். சந்தின் வாயில் இரண்டு பக்கமும் டூக்கர் நிலம். அதில் கம்பம் ஊன்றாமல் கம்பி உள்ளே வர வழியில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் கூடினார்கள். நான் அடுப்போரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாலு கம்பம் போட இடம் விடுங்க, ஐயா. அவ்வளவுதான். வாத்துப் பெட்டியைக்கூட கம்பியாலேயே சூடு பண்ணலாம். விளக்கே வேண்டாம்" என்றார் இளைஞர்.

லவீனா அத்தை நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"இன்னும் ஒரு வருஷத்துல அதெல்லாம் கீழேயிருந்தே வரும் தம்பி. உங்க கம்பத்தையெல்லாம் பிடுங்கி அடுப்புக்கு வெட்டுவாங்க" என்றார் அசெல் மாமா.

"யாரு சொன்னா?"

அசெல் மாமா தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

அப்பா சொன்னார்: "அசெல், வந்தா வரட்டும்ப்பா. அதுவரைக்கும் இது இருக்கட்டுமே. ரெண்டு பக்கமும் வெளிச்சம் வந்தா யாரு வேண்டாங்குறா?"

"ஓரின், அந்தக் கிணத்துக்குள்ள நான் இறங்கியிருக்கேன். நீ இறங்கலை. நானே என் நிலத்துல கம்பம் ஊன்றவிட்டா, நான் வெட்டினதை நானே நம்பலைன்னு அர்த்தம்" என்றார் அசெல் மாமா அப்பாவிடம்.

இளைஞர் லவீனா அத்தையைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் திரிக்கரி. பிறகு, "நிலம் டூக்கரோடது" என்றாள்.

இளைஞர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். கம்பி தெற்குச் சாலைக்குத் திரும்பியது.

ஹார்ட்விக்குக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தக் கோடையிலேயே கையை விரித்துவிட்டார்கள். கொதிகலன் அணைந்தது. ஹார்ட்விக் ஒருநாள் ரயிலேறிப் போனவர் திரும்பவில்லை. கோபுரம் மட்டும் நின்றது. மரம் வெளுத்து, தொப்பியில் காகங்கள் கூடு கட்டின. அசெல் மாமா குழாயைக் கடித்துக் கேட்பதை நிறுத்தவில்லை. "இடையில ஒரு தடங்கல்" என்பார். எதிரே வருகிறவர்கள் பல்லைக் கடித்துக் காதைப் பொத்திக் காட்டுவார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். வாலிபர்கள் வெளிச்சமிருக்கும் ஊர்களுக்குப் போனார்கள், ஒவ்வொரு குடும்பமாக வீட்டைப் பூட்டியது. நானும் போனேன். போரின்போது பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து கோபுரத்துக்கு வெடிவைத்தார்களாம். முதல் வெடிக்கு அது விழவில்லை. அசெல் மாமா வேலியோரம் நின்று, "பிடி அப்படி" என்றாராம். இரண்டாவது வெடிக்கு விழுந்துவிட்டது.

நான் திரும்பியபோது சந்தில் மூன்று வீடுகளில்தான் ஆள் இருந்தார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாத எனக்கு லவீனா அத்தையின் கொட்டகைதான் புகலிடம். முட்டைகளைத் திருப்பி வைக்க உதவுவேன். ஒருநாள் அவள் கம்பளிச் சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு சமையலறைக் கதவின் பித்தளைக் குமிழைத் தொட்டாள். சடக்கென்று ஒரு பொறி. கையை உதறினாள்.

"பூமி உங்களுக்கும் முத்தம் கொடுக்குதா அத்தை?" என்றேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காஞ்ச குளிர்ல கம்பளி போட்டா இப்படித்தான்டீ வரும். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். எங்கம்மா வீட்டுப் பூனையைத் தடவினாலே வரும்."

"அப்ப அன்னிக்கே தெரியுமா? கம்பத்துக்காரர் வந்தப்பவே?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீயும்தான் பாத்தியே அந்த மூஞ்சியை. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதை அடிச்சு அணைக்க எனக்குக் கை வரலை. ஒரு வருஷம்தானே, தானா தெளிஞ்சு கம்பத்துக்கு ஒத்துக்குவார்னு நெனச்சேன்." மேசை விளக்கின் திரியைச் சற்று இறக்கினாள். "தெளியலை."

ஏப்ரலில், பட்டப்பகலில், அத்தையும் மாமாவும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது கொட்டகையில் ஒரு விளக்கு குப்பென்று ஏறிவிட்டது. நாங்கள் வாளியோடு போய்ச் சேருவதற்குள் கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது. பொரிக்க நாலைந்து நாளே இருந்த முட்டைகள். உள்ளே கத்தக்கூடத் தொடங்கியிருந்தனவாம் குஞ்சுகள். லவீனா அத்தை ஒரு பெட்டியை இழுத்து வெளியே போட்டாள். அதில் ஒன்றும் பிழைக்கவில்லை. அவள் கைகள் இரண்டும் வெந்துபோயின. டாக்டர் கட்டுப்போட்டுவிட்டு, வலது கை விரல்கள் இனி மடங்காது என்றார்.

மறுவாரம் அசெல் மாமா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். வழித்துணைக்கு நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"எட்டு வீடு இருந்தப்ப நாங்களே தேடி வந்தோம், பெரியவரே. இப்ப மூணு வீட்டுக்கு அரை மைல் கம்பி இழுக்க முடியாது."

"என் நிலத்துல இடம் தரேன். எத்தனை கம்பம் வேணும்னாலும். குழியெல்லாம் நானே வெட்டித் தரேன். கூலி வேண்டாம்."

"குழியில்லை பிரச்சினை."

"நான் நல்லா வெட்டுவேன்" என்றார் அசெல் மாமா. அந்த மனிதர் வேறு காகிதத்தை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நாள் காலை அசெல் மாமா சந்து வாயில், வேலிக்குள்ளே, முதல் கம்பத்துக்கான குழியை வெட்டிக்கொண்டிருந்தார். வட்டமாக, கரை சரியாமல், கம்பம் வந்தால் அப்படியே இறங்கி நிற்கும்படி. நான் வேலியில் சாய்ந்து நின்றேன்.

"வர மாட்டோம்னு சொன்னாங்களே மாமா."

"ஆமா." மண்ணை வீசினார். "அந்த முத்தம் இருக்கே, அது பூமி கொடுத்ததில்லைன்னு எனக்குத் தெரியும், தெரியுமா?"

அவர் மண்வெட்டியை மறுபடி மணலில் குத்தினார்.

"அடுத்த குளிர்காலமே தெரிஞ்சுபோச்சு. கோபுரம் அணைஞ்சு கிடந்தது. நான் கோட்டைக் கழட்டிட்டு அடுக்களைக் கதவுக் குமிழைத் தொட்டேன். அதே சுரீர். மரக் கதவு. பூமிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்புறம் ஏன் தினமும் அந்தக் குழாயைக் கடிச்சீங்க?"

"லவீனா நம்பிட்டாளே." மண்வெட்டியில் ஊன்றி நின்றார். "எனக்காகக் கம்பத்தையே வேண்டாம்னுட்டா. அவகிட்டப் போய், அது வெறும் கம்பளிடீன்னு எப்படிச் சொல்லுவேன்? கேட்கிற மாதிரி இருந்தா, அவளுக்கு இன்னும் வரும்னு இருக்குமேன்னு..."

அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேலே பார்த்தார். திரும்பினேன். லவீனா அத்தை நின்றுகொண்டிருந்தாள். கட்டுப்போட்ட இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் காப்பிக் குவளையை இடுக்கியிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. காப்பியில் ஆவி இல்லை.

அவர் குழிக்குள் இடுப்பளவு நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்; தேய்ந்த பல் இரண்டும் தெரிந்தன. மூடிக்கொண்டார்.

லவீனா அத்தை குனிந்து, குவளையைக் குழிக்கரையில் வைக்கப் பார்த்தாள். விரல் மடங்காததால் அது சாய்ந்தது. காப்பி முழுவதும் மணலில் இறங்கிவிட்டது.

"குழியை மூடிடுங்க, மிஸ்டர் டூக்கர்" என்றாள். "மிச்சமிருக்கிற வாத்தும் விழுந்து செத்துடும்."

வீட்டுக்குள் போய்விட்டாள். அவர் மேலே ஏறிவந்து, வெட்டிய மண்ணையெல்லாம் திரும்பத் தள்ளினார். மணல் நிலத்தில் வெட்டிய குழியை மூட அதிக நேரம் ஆகாது. கடைசியில் மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன்படுத்தினார். அங்கே குழி இருந்த அடையாளமே இல்லை.

அன்று அந்தியில் அவர் பின்கட்டுக் குழாயிடம் போகவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையில் விளக்கு ஏற்றப்படும் என்று எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளால் தீக்குச்சி கிழிக்க முடியாது. அவர் ஏற்றவில்லை.