பம்பரை அறுத்தவன் நான்

பெரம்பலூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது என் மைத்துனரின் காரை நான் கெடுத்தேன். அதற்கான தண்டனையை ஒரு பெண் அனுபவித்தார். என் மனைவிக்கு மட்டும் இது முழுதாகத் தெரியும். அவளும் இப்போது இல்லை.

எழுபதுகளின் கடைசி. மனைவியின் அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது தன் காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். தெருவில் அதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர். "ஓட்டுங்க மாப்ள, சும்மா நின்னா துருப்பிடிச்சிடும்" என்று சொல்லியிருந்தார். ஓட்டினேன். பத்து மைல் போவதற்குள் எஞ்சின் சூடேறி ஆவி விட்டது.

பட்டறைக்காரர் மூடியைத் திறந்து ஒரு நிமிடம்தான் பார்த்தார். "ஃபேன் பெல்ட்டு தொங்குதுங்க சார். வேற போட்டா சரியாயிடும்."

எம்.எஸ்ஸி. படித்தவனுக்கு இவ்வளவு சின்னக் காரணம் அவமானமாகப் பட்டது. பந்தயக் கார்களின் முன்பக்கத்தை வெட்டி, ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பிவிடுவதைப் பற்றி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். இந்தக் காரின் பம்பர் காற்றை மறிக்கிறது என்று முடிவு செய்தேன். பட்டறைக்காரரைப் பரிதாபத்தோடு பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து ரம்பம் கொண்டுவந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பம்பரின் நடுப்பகுதியை அறுத்தேன். ஏழு பிளேடுகள் உடைந்தன. பிறகு மண்ணெண்ணெய் டின் ஒன்றை விரித்து, தட்டி வளைத்து, அந்த இடைவெளியின் கீழே தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பொருத்தினேன். காற்று அதில் விழுந்து மேலே ஏறி ரேடியேட்டருக்குள் போகவேண்டும் என்பது திட்டம்.

"ஏங்க, எங்கண்ணன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் மனைவி.

"நன்றி சொல்லுவார்."

மார்கழி விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் சூடேறவே இல்லை. மார்கழி விடியலில் எந்த எஞ்சின் சூடேறும் என்று என் மாணவர்கள் யாராவது கேட்டிருந்தால் சரியாகப் பதில் சொல்லியிருப்பேன். என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மாசியில் ஒரு நடுப்பகல், அரியலூரில் இருந்த கல்லூரித் தோழனிடம் காட்டுவதற்காகக் கிளம்பினேன். அந்தச் சாலையில் அறுவடைக் காலத்தில் கொள்ளுச் செடியைத் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப்போக நெற்று வெடித்துக் கொள்ளு உதிரும். எல்லோரும் அதன்மேல் ஓட்டித்தான் போவார்கள். நானும் போனேன். மற்ற வண்டிகளுக்குக் கீழே டின் இல்லை.

பின்னால் ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. காரைப் பார்த்து மகிழ்கிறார் என்று நினைத்துக் கையசைத்தேன். சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தாண்டியது. முள் பழுது என்று முடிவு செய்தேன். அடுத்த பர்லாங்கில் எஞ்சின் நின்றது.

அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். காரின் முன்னால் குனிந்து பார்த்தார். அவருடைய கொள்ளில் பாதி அங்கே திணிந்து கருகிக்கொண்டிருந்தது.

"ஏன் சார், மொறத்த முன்னாடி கட்டிக்கிட்டு வந்தா கொள்ளு வராம என்ன பண்ணும்?" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

தான் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். கருகியது போக மிச்சச் செடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் கட்டிக்கொண்டார். அந்த நிலம் அவருடையது அல்ல, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. "வூட்டுக்கு எப்புடிப் போவீங்க சார்?" என்றும் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

காரை ஒரு லாரியில் கட்டி இழுத்து வீட்டுக்கு வந்ததும் டின்னைக் கழற்றினேன். அறுத்த பம்பரையும் கழற்றி ஒளித்தேன். மைத்துனருக்குக் கடிதம் எழுதினேன்: சாலையில் ஒரு பெண் கொள்ளுச் செடி பரப்பியிருந்தார், அது முன்பக்கம் சிக்கி எஞ்சின் நின்றுவிட்டது, பம்பரை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. எழுதி முடித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பங்குனியில் விடுமுறைக்கு வந்தவர், "எவ அவ? காட்டுங்க மாப்ள" என்றார். அந்த நிலத்துக்காரர் அவருடைய பள்ளித் தோழர். மூவரும் போனோம். அந்தப் பெண் வரப்பில் நின்றார்.

"காருக்கு முன்னாடி மொறம் கட்டியிருந்தாருங்க. பம்பரு நடுவுல அறுத்திருந்துச்சு" என்றார்.

மைத்துனர் சிரித்தார். "காருக்கு எவன்மா மொறம் கட்டுவான்? நல்லா சொல்ற கதை."

"சார், நீங்களே சொல்லுங்க. வண்டி எதனால நின்னுச்சு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரேடியேட்டர் வழியே காற்று போகவேண்டியதன் அவசியத்தையும், செடி அடைத்தால் வெப்பம் வெளியேற முடியாமல் போவதையும் விளக்கினேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. நிலத்துக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரிங்க" என்றார் அந்தப் பெண்.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு நிலத்துக்காரர் அந்த நிலத்தை அவருக்கு விடவில்லை. மனைவி அதைக் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். "இப்பவாவது அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். அண்ணன் திரும்பிப் போய்விட்டார், கடிதத்தில் இதையெல்லாம் எழுத முடியாது என்றேன். கடிதத்தில் எதை எழுத முடியும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

மறு வருடம் அரியலூர் பஸ்ஸில் போகையில், நிறுத்தம் ஒன்றில் சன்னலுக்குக் கீழே அவர் நின்றிருந்தார். கூலிக்குக் களையெடுக்கப் போகும் பெண்களோடு, கையில் களைக்கொத்து. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார், நல்லாருக்கீங்களா? வண்டி இப்ப ஓடுதுங்களா?"

அன்று நின்றுபோன எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது பட்டறைக்காரர் புது பெல்ட்டும் போட்டிருந்தார். அதன்பிறகு கார் ஒருநாளும் சூடேறியதில்லை.

"ஓடுதும்மா" என்றேன். பஸ் நகர்ந்தது.