பெரியம்மா வீட்டுத் தண்ணீர்

நாங்கள் ஆறு என்று சொல்வது, உண்மையில் கடல் உள்ளே வந்து போகும் நீரேரிதான். அதன் வாயை மறித்துக் கதவுகள் போட்டபின் கடல் உள்ளே வருவது நின்றது. மாரி மழை அங்கேயே தேங்கிக் கரையோரக் கிணறுகளுக்கு ஊறியது. கதவுக்கு உட்புறம் என் கணவரின் அண்ணன் வீடு. வெளிப்புறம் எங்கள் வீடு. சில மாரிகளிலேயே அவர்களுடைய கிணறு நன்னீராகிவிட்டது. எங்களுடையது உப்புக்கரிக்கும் சவராகவே இருந்தது.

எனக்கு எரிந்தது. படித்தவள், காரணம் தெரிந்தவள். ஆனாலும் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அதை ஏதோ கெட்டித்தனத்தால் சம்பாதித்தது போலவே பட்டது. மாமியார் அங்கே போய் வந்து, "அங்கத்தைத் தேத்தண்ணிக்குச் சீனியே தேவையில்லைப் பிள்ளை" என்பார்.

அதைக்கூடப் பொறுத்தேன். என் சின்ன மகள் எங்கள் தண்ணீரைத் துப்பத் தொடங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பெரியம்மா வீட்டுத் தண்ணிதான் வேணும்."

பனங்கட்டி கடிக்கக் கொடுத்துப் பார்த்தேன். கட்டியைத் தின்றுவிட்டுத் தண்ணீரைத் துப்பினாள். வெயிலில் நீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று பயந்து, தினமும் அவளை அங்கே கூட்டிப் போனேன். திரும்பும்போது அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

"இண்டைக்கு இஞ்சை படுக்கட்டுமே," என்பார் அக்கா. நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதுவும் பிடிக்கவில்லை.

ஆவணியில் தேங்கிய நீர் வற்றிச் சூடேறியது. ஓட்டமில்லாததால் பச்சைப் பாசி படர்ந்தது. அடியில் கனத்துக் கிடந்த பழைய உப்பு மேலே கலந்தது. மீன் செத்து மிதந்தது. அக்காவின் கிணறும் அழுகல் மணக்கத் தொடங்கியது. எங்கள் பக்கம் கடல் வந்து போய்க்கொண்டிருந்ததால், எங்கள் சவர் அப்படியே இருந்தது. மகிழ்ந்தேன், வெட்கப்பட்டேன், மறுபடியும் மகிழ்ந்தேன்.

அக்கா வெறுங்குடத்தோடு வந்தார்.

"கொஞ்சம் தண்ணி தாவன். எங்கடை கிணத்திலை வாய் வைக்கேலாமல் கிடக்கு."

"எங்கடை சவரெல்லோ அக்கா?"

"சவரெண்டாலும் மணக்காதெல்லோ."

இனி மகளுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே அள்ளி ஊற்றினேன். அக்கா கிணற்றுக்கட்டில் இருந்தபடி ஒரு தகரப் பேணியில் பாதி குடித்தார். மகள் ஓடிவந்து அவர் மடியில் ஏறி, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

"உப்பில்லையோடி?" என்று கேட்டேன்.

"இது பெரியம்மா தந்தது."

அக்கா சிரித்தார். நான் அடுத்த வாளியை இறக்கினேன். குடம் ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.