இதயப் பாடம் நடத்த நான் பட்ட பாடு

ஆசிரியத் தொழிலில் கஷ்டமானது பாடம் படிப்பிப்பது அல்ல, அதற்குத் தேவையான சாமானைக் கையில் வாங்குவதுதான். விஞ்ஞானம் எடுக்கும் சக ஆசிரியர்களே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நீர்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்குப் படம் கீற வராது. பலகையில் நான் கீறும் இதயம் கறுத்தக்கொழும்பான் மாங்காய் போலத்தான் வரும். வகுப்பில் தனுஷா என்ற பிள்ளைக்கு உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஆசை. அதற்குச் சாதாரண தரச் சோதனையில் விஞ்ஞானம் கைகொடுக்க வேண்டும். ஆனால் இதயத்தில் குருதி எந்த அறையிலிருந்து எங்கே போகிறது என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். அவளை நினைத்துத்தான் இந்த டிஜிட்டல் வேலைகளில் இறங்கினேன்.

பூசையில் இருந்த மல்ரிமீடியா

எங்கள் பக்கத்தில் புரொஜெக்டருக்கு மல்ரிமீடியா என்றுதான் பெயர். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வாங்கி அனுப்பியது, உறைகூடக் கழற்றாமல் பள்ளிக்கூட அதிபரின் அலுமாரிக்குள் இருந்தது. கடிதம் எழுதி, நாலு தரம் நடந்து, அனுமதி வாங்கிய கிழமை பார்த்து நவராத்திரி தொடங்கிவிட்டது. அதிபர் அதை உறையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்ச் சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகங்களோடும் வீணையோடும் வைத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பது இதுதான்.

சோதனை நெருங்குகிறது, ஒரேயொரு பாடவேளைக்குத் தாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"பிள்ளையளுக்குப் படிப்பு வரவேணும் எண்டுதானே ரீச்சர் அங்கை வைச்சிருக்கிறன். விசயதசமி முடியட்டும்."

சந்தனம்

முடிந்தது. மல்ரிமீடியாவும் கைக்கு வந்தது. யாரோ பக்தியோடு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் கண்ணாடி வில்லையின் நட்டநடுவில் காய்ந்து கிடந்தன. ஈரத்துணியால் துடைத்தேன், இன்னும் பரவியது. வகுப்பு ஜன்னல்களுக்குத் திரை இல்லை என்பதால் பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய சாறங்கள் கொண்டுவந்து கட்டினார்கள். சுவரில் இதயம் விழுந்தது. நாலு அறைகளும் ஒரே மஞ்சள் புகையாகத் தெரிந்தன. தனுஷா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தாள், பிறகு மரியாதையாகக் கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், நீங்கள் பலகையிலை கீறினதே இதைவிட விளங்கினது."

பாண் ஓட்டோ

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் கதிரைக்கு மேல் கதிரை வைத்துப் போனைக் கயிற்றால் கட்டினேன். பாடப்புத்தகப் படத்தின் மேல் சிவப்பு, நீலப் பேனைகளால் குருதி போகும் வழியைக் கீறிக்கொண்டே கதைத்து, மூன்று நிமிட வீடியோ எடுத்தேன். கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்தால் சேவல் கூவும், சேவல் ஓய்ந்தால் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டோடு வரும். ஏழாவது தடவை, பாட்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடியோவை வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதில் இருப்பது பெற்றோரின் இலக்கங்கள். காலை வணக்கம் சொல்லும் பூக்களும் முருகன் படங்களும் அங்கே ஓய்வதில்லை. அரை மணித்தியாலத்தில் என் இதயம் எங்கேயோ அடியில் போய்விட்டது. பிறகு ஒரு தாயிடமிருந்து மட்டும் பதில் வந்தது.

"ரீச்சர், உங்கடை பக்கம் பாண் ஓட்டோ எத்தினை மணிக்கு வாறது?"

தகப்பன் வந்தார்

இரண்டு கிழமை கழித்துச் சின்னச் சோதனை ஒன்று வைத்தேன். தனுஷா பழையபடி வலதையும் இடதையும் மாற்றி எழுதியிருந்தாள். வீடியோ பார்த்தாயா என்றால் தலையைக் குனிந்தாள். தகப்பனைக் கூட்டிவரச் சொன்னேன். வாழைத்தோட்டக்காரர், வாழைக் கயர்க் கறை படிந்த சேட்டோடு அப்படியே வந்தார். அவர் கதிரையில் இருக்க முதலே ஏசத் தொடங்கிவிட்டேன். பிள்ளைக்கு மூன்று நிமிடம் கிடைக்கவில்லையா, நான் யாருக்காக இப்படி மாரடிக்கிறேன் என்றெல்லாம் கேட்டேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வீட்டில் ஒரு போன்தான், அது விடியத் தன்னோடு தோட்டத்துக்குப் போனால் இருட்டத்தான் வரும், வரும்போது சார்ஜும் இருக்காது என்றார். பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்து, வலது சோணையறையில் தொடங்கி, இதயவறை, நுரையீரல், திரும்ப இடது பக்கம், பெருநாடி என்று ஒரு பிழை இல்லாமல் சொல்லி முடித்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்து முடியும் வரைக்கும் வாழையடியில் இருந்து ஒவ்வொரு நாளும் என் வீடியோவைப் பார்த்தாராம்.

ஏசின வாய் கூசியது. பெற்றோரின் போனுக்குப் போனால் பிள்ளையின் கைக்குப் போனமாதிரி என்று நினைத்தது என் மடத்தனம். தனுஷா அவருக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்றாள். சோதனைக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

"எனக்கு எல்லாம் விளங்கீட்டுது ரீச்சர். இவளுக்கு எப்ப படிப்பிக்கப் போறியள்?"

டிஜிட்டல் முறையில் நான் உருப்படியாகப் படிப்பித்து முடித்த ஒரே மாணவருக்கு வயது ஐம்பத்திரண்டு, அவர் சோதனை எழுதப் போவதில்லை.